பறவை அலகுகளைப் பாட்டிலும் படத்திலும் சொல்லித்தருவது எப்படி?

கேள்வி இதுதான்: "ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பறவைகளின் அலகைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும். படத்தைக் காட்டினால் 'இது கிளி, இது கழுகு' என்று பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். பாட்டும் படப்புத்தகமும் வைத்துச் சொல்லித்தந்தால் மனத்தில் நிற்குமா? எங்கே தொடங்குவது?"

நிற்கும். சின்னப் பிள்ளைகளோடு பல ஆண்டுகளாக நான் செய்துவருவது இதைத்தான். ஆனால் பெயரிலிருந்தும் தொடங்காதீர்கள், வடிவத்திலிருந்தும் தொடங்காதீர்கள். அலகு செய்யும் வேலையிலிருந்து தொடங்குங்கள். "கிளியின் அலகு வளைந்திருக்கும்" என்று சொன்னால் பிள்ளை தலையாட்டும், அவ்வளவுதான். "கிளி மூக்கால் கிளையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும்" என்று சொல்லிப் பாருங்கள். "மூக்காலயா?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் நாள் புத்தகமே வேண்டாம். பிள்ளைகளைக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். மேசையில் ஒரு காகிதத் துண்டு, ஒரு கயிறு, ஒரு பஞ்சு உருண்டை வையுங்கள். உதட்டால் எடுக்க வேண்டும். இரண்டு நிமிடம் திணறிப் பார்க்கட்டும். அப்புறம் சொல்லுங்கள்: பறவையின் கைகள்தான் சிறகாகிவிட்டன. அதனால் நாம் கையால் செய்வதை எல்லாம் அது மூக்கால் செய்கிறது. தின்பது, இறகு கோதுவது, கூடு பின்னுவது, குஞ்சுக்கு ஊட்டுவது, சண்டை போடுவது எல்லாம் அதே ஒரு கருவியால்தான். உதட்டால் கயிற்றைத் தூக்கிப் பார்த்த பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

"அலகு" என்ற சொல்லையும் முதல் நாளே திணிக்காதீர்கள். பிள்ளைகள் மூக்கு என்பார்கள், பழைய பாட்டுகளில் வாய் என்று வரும். இரண்டும் பொருத்தம்தான், ஏனென்றால் மூச்சுத் துளைகளும் அலகின் மேல்தான் இருக்கின்றன. பெரும்பாலான பறவைகளுக்கு அவை அலகின் அடியில், முகத்தை ஒட்டி இருக்கும். கிவிப் பறவைக்கு மட்டும் நுனியில். இரவில் அந்த நுனியை மண்ணுக்குள் விட்டு மோந்துதான் புழுவைத் தேடுகிறது. இந்த ஒரு செய்தியைச் சொன்னால் "மூக்கு" என்று சொன்ன பிள்ளையின் முகத்தில் ஒரு வெற்றி தெரியும்.

அலகு எதனால் ஆனது என்பதையும் விரலை வைத்தே சொல்லிவிடலாம். உள்ளே எலும்பு, மேலே கெரட்டின் உறை. நம் நகமும் கெரட்டின்தான். நகத்தால் மேசையைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். நகம் போலவே அந்த உறையும் வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்ந்துகொண்டே இருக்கும்.

இப்போது பாட்டுக்கு வருவோம். தமிழில் சொல்லித்தருபவருக்கு இங்கே ஒரு பெரிய வசதி உண்டு: பல பறவைகளின் பெயரே ஒரு சொல்லில் அடங்கிய பாட்டு. மரங்கொத்தி, நத்தைகுத்தி, தையல்சிட்டு ஆகிய பெயர்கள் வேலையைச் சொல்கின்றன. கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் இரண்டும் வடிவத்தைச் சொல்கின்றன. பெயரைச் சொல்லி, படத்தைக் காட்டாமல், "இது எப்படி இருக்கும், வரைந்து காட்டு" என்று கேளுங்கள். அரிவாள்மூக்கனை அநேகமாக எல்லாப் பிள்ளையும் சரியாக வரைந்துவிடும். கரண்டிவாயனையும் வரைந்துவிடும், ஆனால் அது கரண்டியால் மீனை அள்ளித் தின்னும் என்று சொல்லும். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. கரண்டிவாயன் அள்ளுவதில்லை. வாயைக் கொஞ்சம் திறந்தபடி தண்ணீருக்குள் வைத்து, இடமும் வலமுமாகத் துழாவிக்கொண்டே நடக்கும். ஏதாவது தட்டுப்பட்டால் பட்டென்று மூடிக்கொள்ளும். மீன்கொத்திகூடப் பெயருக்குத்தான் கொத்தி. அது மீனைக் கவ்வுகிறது.

கொத்துவது, குத்துவது, கவ்வுவது, கிழிப்பது, துழாவுவது, அரிப்பது, பொறுக்குவது, கோதுவது என்று எத்தனை வினைகள் இருக்கின்றன பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு அலகு. இந்த வினைகளைப் பிள்ளைகள் உடம்பால் செய்து காட்டட்டும். கொத்துவதற்கும் குத்துவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தலையால் செய்து பார்த்த பிள்ளை, மரங்கொத்தியையும் கொக்கையும் ஒருநாளும் குழப்பிக்கொள்ளாது.

பாட்டு எழுதும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு, எல்லாப் பறவைக்கும் ஒரே சந்தம் போடுவது. மரங்கொத்திக்கும் தேன்சிட்டுக்கும் ஒரே மெட்டு எப்படிப் பொருந்தும்? நம் மொழியில் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று எழுத்துகளே பிரிந்து கிடக்கின்றனவே, அதைப் பயன்படுத்துங்கள். மரங்கொத்திக்கு நான் எழுதி வைத்திருப்பது இது:

தட்டித் தட்டிப் பார்க்கும்,
கொத்திக் கொத்திப் பெயர்க்கும்,
பட்டைக் குள்ளே புழுவை
எட்டித் தொடும் நாக்கு!

இதைச் சொல்லும்போது நாக்கும் பல்லும் மோதிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் தாமாகவே மேசையைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். கடைசி வரியில் "எட்டி" என்பதை நீட்டிச் சொல்லுங்கள். மரங்கொத்தியின் நாக்கு உண்மையிலேயே அவ்வளவு நீளம். அதைத் தாங்கும் எலும்பும் தசையும் மண்டையின் பின்பக்கமாக மேலே சுற்றிக்கொண்டு போகின்றன.

தேன்சிட்டுக்கு:

மெல்ல மலரில் நுழையும்
வில்லாய் வளைந்த மூக்கு,
உள்ளே ஒளிந்த தேனை
அள்ளும் மெல்லிய நாக்கு.

இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லவைத்து, "எந்தப் பாட்டு வலிக்குது, எந்தப் பாட்டு வழுக்குது?" என்று கேளுங்கள். அலகு உளியா, ஊசியா என்பதைக் காது முதலில் கண்டுபிடித்துவிடும். கண் அப்புறம் உறுதி செய்துகொள்ளும்.

கொக்குக்கு இந்த இரண்டுமே சரிப்படாது. கொக்கின் பாட்டில் மௌனம் வேண்டும். திருக்குறளின் 490-ஆவது குறளைப் பாருங்கள்:

கொக்கொக்க கூம்பும் பருவத்து மற்றதன்
குத்தொக்க சீர்த்த இடத்து.

காலம் வரும்வரை கொக்கைப் போல அடங்கியிரு, வந்ததும் அதன் குத்தைப் போலச் செய்துமுடி என்பது பொருள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பொருள் வேண்டாம். அதன் நடையைக் கொடுங்கள். முதல் அடி முழுக்கக் காத்திருப்பு. இரண்டாம் அடி தொடங்கும் சொல்லே "குத்து". முதல் அடியை மெதுவாகச் சொல்லி, ஒற்றைக் காலில் நின்று, மனத்துக்குள் ஐந்து எண்ணி, "குத்து" என்னும்போது தலையை விசுக்கென்று நீட்டச் சொல்லுங்கள். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கொக்கின் நீண்ட அலகு பாதி வேலையைத்தான் செய்கிறது, மீதியைச் செய்வது அந்தப் பொறுமையும் மடங்கி விரியும் கழுத்தும்தான் என்று அதற்குப் பிறகு சொன்னால் ஏறும்.

பழம்பாட்டில் இன்னொன்றையும் விடமாட்டேன். சத்திமுற்றப் புலவரின் நாரைப் பாட்டில் வரும் அலகு: "பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன பவளக் கூர்வாய்." பனங்கிழங்கை நெடுக்கே இரண்டாகப் பிளந்து வைத்தாற்போல என்கிறார். நீளம், நுனி போகப்போகக் குறுகுவது, மேல் கீழ் என்று இரண்டாகத் திறப்பது, மூன்றும் ஒரே உவமையில் வந்துவிட்டன. "பவளம்" என்றதும் நிறமும் வந்துவிட்டது. பனங்கிழங்கைப் பார்த்திராத பிள்ளைகள் என்றால் முதலில் அதைக் காட்டிவிடுங்கள். பிறகு இந்த ஒரு வரியை மட்டும் சொல்லி அலகை வரையச் சொல்லுங்கள். வரைந்து முடித்தபின் செங்கால் நாரையின் புகைப்படத்தைப் பக்கத்தில் வையுங்கள். ஒரு உவமை எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்பதை அப்போது பிள்ளைகள் கண்ணாலேயே பார்ப்பார்கள். அவர்கள் எழுதும் உவமைகளும் அன்றிலிருந்து மாறும். "கழுகின் மூக்கு பெரிசு" என்று எழுதியவர்கள் "கழுகின் மூக்கு கொக்கி மாதிரி" என்று எழுத ஆரம்பிப்பார்கள்.

சரி, படப்புத்தகம். நல்ல படப்புத்தகத்தில் பாட்டு சொன்னதையே படமும் சொல்லிக்கொண்டிருக்காது. பாட்டு வேலையைச் சொல்லும், படம் வடிவத்தைக் காட்டும், பறவை யார் என்பது பக்கத்தைப் புரட்டினால்தான் தெரியும். அதாவது, விடுகதையின் கட்டுமானம். இடப் பக்கத்தில் நான்கு வரி, வலப் பக்கத்தில் அலகு மட்டும், அதுவும் வேலை செய்துகொண்டிருக்கும் அலகு. புரட்டுவதற்கு முன் நிறுத்துங்கள். அந்த இரண்டு நொடியில்தான் பிள்ளை யோசிக்கிறது. வாங்கிய புத்தகத்தில் எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தால், பறவையின் உடலை ஒரு தாளால் மறைத்து அலகை மட்டும் தெரியவிடுங்கள், போதும்.

பூநாரை வரும்போது நான் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். மற்றப் பறவைகளுக்கு மேலலகு பெரிதாகவும் கீழலகு சிறிதாகவும் இருக்கும். பூநாரைக்கு மாறி இருக்கும்: கீழே தொட்டி போல் பருத்தது, மேலே மூடி போல் மெல்லியது. ஏன்? அது தலையைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் விட்டுத் தின்கிறது. கவிழ்ந்த தலையில் மேலலகுதான் அடியில் இருக்கும். நாக்கு முன்னும் பின்னும் அசைந்து தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ள, அலகின் ஓரத்தில் இருக்கும் சீப்புப் பற்கள் போன்ற தகடுகள் சின்ன உயிரிகளை அரித்து நிறுத்திக்கொள்ளும். ஒருமுறை இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு சிறுமி எழுந்து போய்ச் சுவரோரம் நின்று, குனிந்து, தன் கால்களுக்கு நடுவே தலையை விட்டு என் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். புத்தகத்தை நேராகவே பிடிக்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்பத்தான் வாய் சரியா இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு பூநாரைப் பக்கத்தை வகுப்பே அப்படித்தான் படித்தது.

படப்புத்தகங்களில் கவனிக்க வேண்டிய பிழைகளும் உண்டு. இதில் நான் கறாராக இருப்பேன். கூழைக்கடா தன் பையில் மீன்களைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோவதாக எத்தனையோ கதைகளில் படம் போட்டிருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பை வலை, கூடை இல்லை. மீனோடு சேர்த்துத் தண்ணீரையும் வாரிக்கொள்ளும். பெரிய கூழைக்கடாக்களின் பையில் பத்து லிட்டருக்கு மேலே தண்ணீர் பிடிக்கும். அந்தக் கனத்தோடு பறக்க முடியாது. அலகை மார்போடு சாய்த்துத் தண்ணீரை வடியவிட்டு, மீனை அங்கேயே விழுங்கிவிடும். தவறான படத்தைக் கிழித்துப் போட வேண்டியதில்லை. "இந்தப் படத்தில் தண்ணீர் எங்கே போச்சு?" என்று கேளுங்கள். பிழையைக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த விளையாட்டு.

சிரிக்கிற அலகு, பல் வரிசையோடு அலகு, எந்தப் பறவைக்கும் ஒரே மஞ்சள் முக்கோணம் ஆகியவையும் அடிக்கடி வரும். பறவைக்குப் பல் இல்லை. மென்று தின்னாது. அரைக்கும் வேலை வயிற்றில், அரைவைப் பையில் நடக்கிறது. "மென்று மென்று தின்றது சிட்டு" என்று எதுகைக்காக ஒரு வரி வந்தால் அந்த எதுகையை விட்டுவிடுங்கள். மரங்கொத்தியின் மண்டைக்குள் அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தை இருக்கிறது என்றும் பல புத்தகங்கள் எழுதுகின்றன. 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று, கொத்தும் மரங்கொத்திகளை அதிவேகக் காணொளியில் படம்பிடித்துப் பார்த்து, மண்டை மெத்தை போல் அல்ல, விறைப்பான சுத்தியல் போல்தான் செயல்படுகிறது என்று காட்டியது. மூளை மிகச் சிறியதாக இருப்பதால் அந்த அடியை அது தாங்கிக்கொள்கிறது. பழைய புத்தகம் வைத்திருந்தால் அந்த வரியை மட்டும் திருத்திச் சொல்லுங்கள்.

படத்தின் இன்னொரு குறை அளவு. பக்கத்துக்கு ஒரு பறவை என்று வரைந்தால் தேன்சிட்டும் கூழைக்கடாவும் ஒரே உயரம் ஆகிவிடும். அதனால் அலகுகளை மட்டும் உண்மை அளவில் தரையில் சுண்ணக்கட்டியால் வரையுங்கள். ஆஸ்திரேலியக் கூழைக்கடாவின் அலகு ஏறக்குறைய அரை மீட்டர், பறவைகளிலேயே நீளமானது அதுதான். வாள் அலகு ஓசனிச்சிட்டு என்று ஒன்று தென் அமெரிக்காவில் இருக்கிறது. அதன் அலகு சுமார் 10 சென்டிமீட்டர்தான், ஆனால் வாலை நீக்கிவிட்டுப் பார்த்தால் உடலைவிட நீளம். "எது பெரிய மூக்கு?" என்று கேட்டால் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். பிரியட்டும், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

விசித்திரங்களில் மூன்று நான்கு போதும், மொத்தத்தையும் கொட்ட வேண்டாம். நியூசிலாந்தில் ஒரு சின்னக் கரையோரப் பறவைக்கு அலகு பக்கவாட்டில், எப்போதும் வலப்பக்கமாக, வளைந்திருக்கும். கூழாங்கல்லுக்கு அடியில் விட்டுப் பூச்சியை எடுக்கும். ஊசியிலைக் காடுகளில் இருக்கும் ஒரு சிட்டுக்கு அலகின் நுனிகள் கத்தரி போல் ஒன்றையொன்று தாண்டி நிற்கும். கூம்புக்காயின் செதிலை நெம்பி விதையை எடுக்க அது தோது. நத்தைகுத்தி நாரைக்கு மேலலகும் கீழலகும் நடுவில் சேராமல் இடைவெளி விட்டிருக்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். எல்லாவற்றையும்விடப் பிள்ளைகளுக்குப் பிடிப்பது முட்டைப்பல். முட்டைக்குள் இருக்கும் குஞ்சின் அலகு நுனியில் ஒரு சின்னக் கூர்முனை முளைத்திருக்கும், ஓட்டை உடைக்க. வெளியே வந்த பிறகு அது உதிர்ந்துவிடும். பால்பல் ஆடிக்கொண்டிருக்கும் வயதில் இதைக் கேட்பவர்களின் கை தானாக வாய்க்குப் போகும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள், எட்டு ஒன்பது வயது என்றால், "ஏன் இப்படி இருக்கு?" என்ற கேள்வி வரும். இந்த இடத்தில் மொழியில் கவனம் வேண்டும். "நத்தையைத் தின்பதற்காக நாரை தன் அலகை மாற்றிக்கொண்டது" என்று எழுதினால் பாட்டு ஓடும், உண்மை ஓடாது. எந்தப் பறவையும் ஆசைப்பட்டு மூக்கை மாற்றிக்கொள்ளவில்லை. "இப்படி ஒரு அலகு இருப்பதால் நத்தையைத் தின்ன முடிகிறது" என்று எழுதுங்கள். "ஆக" என்பதை எடுத்துவிட்டு "ஆல்" போடுவது, அவ்வளவுதான் வேலை.

பின் எப்படித்தான் மாறியது என்று கேட்டால் கலாபகோஸ் தீவுகளின் குருவிக் கதையைச் சொல்லுங்கள். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதி 1973 முதல் டாஃப்னி மேஜர் என்ற குட்டித் தீவில் குருவிகளைப் பிடித்து அலகை அளந்து அளந்து விட்டார்கள். 1977-இல் மழையே இல்லை. சின்ன விதைகள் தீர்ந்துபோயின. நெருஞ்சி இனத்தைச் சேர்ந்த செடியின் கடினமான முள்விதைகள் மிஞ்சின. அலகு சற்றுப் பருத்த குருவிகளால் அவற்றை உடைக்க முடிந்தது, மற்றவை பெரும்பாலும் செத்துப்போயின. பிழைத்தவற்றின் குஞ்சுகளுக்கும் பருத்த அலகே வந்தது. வேறுபாடு எவ்வளவு? சராசரியாக அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான். ஐந்து தாளைச் சேர்த்துப் பிள்ளையின் விரலிடுக்கில் வைத்து, "இவ்வளவுதான்" என்று சொல்லுங்கள். அந்தக் கனத்தை விரல் உணரும்போது முகம் மாறுவதைப் பார்க்கலாம். இந்தக் கதையில் சாவு வருகிறது, அதை மறைக்காமல் மெதுவாகச் சொல்லுங்கள். பிள்ளைகளால் தாங்க முடியும்.

கடைசியாக, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு தட்டில் தண்ணீர் வைத்தால் போதும். எந்தப் பறவை வந்தாலும் சரி, எப்படிக் குடிக்கிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பறவைகள் அலகில் தண்ணீரை மொண்டு, தலையைத் தூக்கித்தான் தொண்டைக்குள் இறக்கும். புறா அப்படி இல்லை. அலகைத் தண்ணீருக்குள் வைத்தபடியே உறிஞ்சிக் குடித்துவிடும். இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லாமல் விட்ட ஒரு நாளில், கோழியையும் புறாவையும் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் உள்ளே வந்து எழுதியது இது:

கோழி குடித்தால் வானம் பார்க்கும்,
புறா குடித்தால் தண்ணி பார்க்கும்.

"தண்ணீர்" என்று திருத்தலாமா என்று ஒரு கணம் பேனாவை எடுத்தேன். அப்படியே விட்டு, பக்கத்தில் இரண்டு தலைகளை மட்டும் அவனை வரையச் சொன்னேன்.